பழைய பெட்டியில் புதுக் குடித்தனம்

மனிதர்களுக்கு ஓய்வு பெறும் வயது ஒன்று உண்டு. கணினிக்கும் அப்படி ஒரு நாள் குறிப்பார்கள் என்று யார் கண்டார்கள்? 2015-ல் பிறந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. வேண்டியவர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு என்று மைக்ரோசாப்ட் ஒரு தவணை கொடுத்தது. தவணை தீர்ந்தால் விண்டோஸ் 11-ஐக் குடிவைக்க வேண்டியதுதான்.

ஆனால் இந்தப் புதுக் குடித்தனக்காரர் எல்லா வீட்டுக்கும் வந்துவிடமாட்டார். டிபிஎம் 2.0 என்னும் ரகசியச் சாவிப்பெட்டி இருக்கிறதா, செக்யூர் பூட் என்னும் வாசற்காவல் உண்டா, இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசசராவது இருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார். ஒன்று குறைந்தாலும் நடையைக் கட்டிவிடுவார்.

கும்பகோணத்திலிருந்து என் சித்தப்பா ஒருநாள் டெலிபோனில் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்.

"டேய், என் மடிக்கணினிக்குத் தகுதி இல்லை என்று எழுதிக் காட்டுகிறதடா! நான் ரிடையரானபோது ஒரு மாலையாவது போட்டார்கள். இதற்கு அதுகூடக் கிடையாதா?" என்றார்.

"புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே, சித்தப்பா?"

"எதற்கு? இதில் எந்த எழுத்து விழவில்லை?"

நியாயமான கேள்விதான். 2013-ல் வாங்கிய பெட்டி அது. தம் ஊரைப் பற்றியும் அதன் வாய்க்கால்களைப் பற்றியும் பத்து வருஷமாக அறுநூறு பக்கம் அதில் தட்டி வைத்திருக்கிறார். லினக்ஸ் போடலாம், நல்ல சரக்கு, காசும் கேட்காது. ஆனால் அவருடைய பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் விண்டோஸைத் தவிர வேறெதிலும் வாய் திறக்காது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பாருங்கள். 'முடியாது' என்பது வேறு. 'மாட்டேன்' என்பது வேறு. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு 2024-ல் வந்தது. எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதி தெரியாத பிராசசரில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பழைய கோர் 2 டியோக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் பயனில்லை. இது 'முடியாது'. சித்தப்பாவின் பெட்டியில் இருப்பதோ 4-ம் தலைமுறை ஐ3. அதற்கு அந்தக் கட்டளைகள் எல்லாம் அத்துபடி. டிபிஎம் 2.0 இல்லை. எப்படி இருக்கும்? அந்த விதிமுறையே 2014-ல்தான் வெளிவந்தது! ஆகவே, இது வெறும் 'மாட்டேன்'.

'மாட்டேன்' என்பவரைச் சம்மதிக்க வைக்க வழி உண்டு. ரூஃபஸ் என்று ஓர் இலவச மென்பொருள். மைக்ரோசாப்டின் தளத்திலிருந்தே விண்டோஸ் 11-ஐ இறக்கிக்கொண்டு, ரூஃபஸ் மூலம் பென் டிரைவில் ஏற்றும்போது, டிபிஎம், செக்யூர் பூட், நினைவகச் சோதனைகளை நீக்கட்டுமா என்று அது கேட்கும். ஒரு டிக் அடித்தால் போதும்.

ஒரு சனிக்கிழமை கும்பகோணம் போனேன். முதற்காரியமாக அறுநூறு பக்கங்களையும் இரண்டு பிரதி எடுத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன். நினைவகத்தை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன். பிறகுதான் பென் டிரைவைச் செருகினேன். சித்தப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருப்பவரைப் போல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் புதுக் குடித்தனம் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கு இருந்த உரிமமே செல்லுபடியாயிற்று. ஒலி மட்டும் வரவில்லை. விண்டோஸ் 10-க்கான டிரைவரைத் தேடி ஏற்றியதும் அதுவும் வந்தது. தட்டச்சு மென்பொருள் திறந்தது. 'வாய்க்கால்' என்று அடித்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சுபம் என்று சொல்லிவிட்டு ரெயில் ஏறியிருக்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது தர்மம் அல்ல. தகுதிப் பட்டியலில் இல்லாத கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாப்ட் வாக்குக் கொடுக்கவில்லை. மாதாந்தரத் திருத்தங்கள் நடைமுறையில் வருகின்றன. நாளை நின்றால் கேட்க நாதி இல்லை. வீட்டு உபயோகப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். அடுத்த பதிப்பு இந்தப் பெட்டியைத் தேடித் தானாக வராது. ஒருவர் உட்கார்ந்து கையால் ஏற்றவேண்டும். கதவைத் திறந்துவிட்டவனே காவலும் இருக்கவேண்டும் என்பதுதான் இதன் சாராம்சம். அதற்கு ஆள் இல்லாத வீட்டில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே நல்லது. பணம் போட்டு எடுக்கும் காரியங்களையும் இதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். பென்ஷனுக்கு அவர் பாங்கிக்கு நேரில்தான் போகிறார்; அந்தக் கவலை இல்லை. மற்றதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

"அப்படியானால், பதிப்பு மாறும்போதெல்லாம் நீ இங்கே வந்துதான் ஆகவேண்டுமா?"

"ஆமாம், சித்தப்பா."

"சித்தி! கேட்டாயா?" என்று, என் பாஷையிலேயே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "உன் பிள்ளை இனிமேல் தவறாமல் வருவான். கணினிக்காரன் சட்டமே போட்டுவிட்டான்!"