ஐம்பது வாட்ஸும் மைக் செட் அப்பாவும்

கார் ஸ்டீரியோ பெட்டி மேல் "நாலு சேனல், சேனலுக்கு 50 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடியில் "50% வரை" என்று போட்டு, "வரை"யை மட்டும் எறும்பு சைஸில் அச்சடிப்பார்களே, அந்த ரகம்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்டீரியோவுக்குள் இருக்கும் குட்டி சிப்புக்கு வருமானம் அவ்வளவுதான். 14.4-ஐ 1.414-ஆல் வகுத்தால் 10.2 வருகிறது. அதை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓம்ஸால் வகுத்தால் 26 வாட்ஸ். இதில் சிப் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக, சுத்தமாகக் கையில் கிடைப்பது 18, 20 வாட்ஸ்தான். அப்படியானால் 50 எங்கே இருந்து வந்தது? வகுக்காமல் 14.4-ஐ அப்படியே 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள். 52! பாட்டு மொத்தமும் நசுங்கி வெறும் சதுர அலையாகக் கரகரத்தால் மட்டுமே கிடைக்கும் வாட்ஸ் அது. கேட்பதற்கு லாயக்கில்லாத சத்தத்தைக் கணக்கில் வரவு வைத்திருக்கிறார்கள்.

செங்கல்பட்டுப் பையன் ஒருவன் தன் செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட்டில் இறங்கிய வேலை இந்தக் கணக்கில்தான் ஆரம்பித்தது. முதல் வேலை, முதல் கார், அதில் கம்பெனி ஸ்பீக்கர். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அது அந்த ஸ்பீக்கரில் இருக்கவே இருக்காது. பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். கம்பெனிக்காரர்கள் வைக்கும் மெல்லிய காகிதக் கூம்பு அவ்வளவு ஆழத்துக்கெல்லாம் இறங்காது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் வாங்க அங்கே போனவர்களுக்குத் தெரியும், ஒரு மேட் வாங்கப் போனால் பாதி காரை மாற்றிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒரு கடையில் டிக்கியில் வைக்க 12 அங்குல சப்வூஃபரைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். பையன் அசரவில்லை. முன் கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்போனென்ட் செட், நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், ஒயரிங் கிட், கதவுக்கு டேம்பிங் ஷீட். கூலியோடு 21,800 ரூபாய். பழைய ஸ்டீரியோவை மாற்றவில்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயராகப் பார்த்து வாங்கினான். கழற்றிய ஸ்பீக்கர்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. காரை விற்கும்போது திரும்ப மாட்டிவிட்டு, புது செட்டைக் கழற்றிக்கொள்ளலாம். (காமர்ஸ் படித்தவர்கள் இங்கே கைதட்டலாம்.)

டேம்பிங் ஷீட் மட்டும் அவன் யோசனை இல்லை. அப்பா யோசனை. அப்பா முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். ஆடி மாதம் வந்தால் வீட்டுப் பக்கமே வரமாட்டார். கூழ் ஊற்றும் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அஹுஜா ஆம்ப்ளிஃபயரும் மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரும் அவருடையதுதான். கதவின் உள்பலகையைக் கழற்றியதும் எட்டிப் பார்த்தவர், "ஏண்டா, கதவு பூரா இவ்ளோ ஓட்டை இருக்கே, சத்தம் எப்படிடா நிக்கும்?" என்றார்.

விஷயம் அதேதான். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பின்பக்கத்து அலை ஓட்டை வழியாக முன்னால் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். முதலில் காணாமல் போவது பேஸ். பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரை ஓட்டைக் கதவில் மாட்டுவதை விட, ஓட்டையை அடைத்த கதவில் சுமாரான ஸ்பீக்கரை மாட்டுவது மேல். ஆனால் கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் சின்னத் துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு உள்ளேயே துருப்பிடிக்கும்.

சண்டை வந்தது ஃபியூஸில். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் தடித்த ஒயரில் ஃபியூஸை சீட்டுக்கு அடியில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே வைக்கப் போனார் கடைக்காரப் பையன். அதுதான் அவருக்கு வேலை சுலபம். அப்பா விடவில்லை. ஃபியூஸ் இருப்பது ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் ஒயரின் தோல் தகரத்தில் உரசிக் கிழிந்தால், அந்த மின்சாரத்தை நிறுத்த வழியில் ஒன்றுமே கிடையாது. கார் எரியும். கடைசியில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ், தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் என்று முடிந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது, பரவாயில்லை.

கெயின் திருகையும் வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பப் பார்த்தார் அதே பையன். அது வால்யூம் இல்லை, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. பாதிகூடத் தேவைப்படவில்லை.

முதல் பாட்டு ஓடியது. அப்பா ட்வீட்டரைக் காட்டி, "இந்தக் குட்டி ஸ்பீக்கர் வேலை செய்யலையேடா" என்றார். பையன் காதை வைத்துப் பார்த்தான். ஜால்ரா சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்தது. வேலை செய்யாதது ஸ்பீக்கர் இல்லை. இரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் முதலில் போகும். ட்வீட்டரின் ராஜ்ஜியம் ஆரம்பிப்பதும் ஏறக்குறைய அங்கேதான். முப்பது வருஷம் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழே நின்றதற்கான பில் அது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. "ஒயர் லூஸா இருக்கும்பா, பாக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

அப்புறம் சரணம் வந்தது. அப்பா கையை நீட்டி, "இரு, திரும்பப் போடு" என்றார். பேஸ் கிடார். அந்தப் பாட்டை எத்தனை கல்யாணத்தில், எத்தனை கோயிலில் போட்டிருப்பார்! ஆனால் கூம்பு ஸ்பீக்கர் பேஸைத் தருவதில்லை. பேச்சு ஊர் எல்லை வரை கேட்கவேண்டும் என்று செய்த சாமான் அது. தான் முப்பது வருஷம் ஊருக்கே போட்டுக்காட்டிய பாட்டில் பாதியை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். நாலு தடவை திரும்பப் போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பையன் கணக்குப் பார்த்தான். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு சொல்லும் வரம்பு 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். தினமும் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறவன், வால்யூம் 18-க்கு மேல் போவதில்லை என்று முடிவு செய்தான். நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள், "இருபத்தோராயிரம் கொட்டிட்டு ஆல் இந்தியா ரேடியோ மாதிரி வைக்கிறியே" என்று.

பாக்கி இருப்பது இன்சூரன்ஸ். கம்பெனி போடாத எலெக்ட்ரிக் சாமான்களைத் தனியாகச் சொன்னால்தான் அவற்றுக்குக் காப்பீடு. 2002 மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 24 என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, அதில் கூடுதல் பிரீமியம் சாமான் விலையில் 4 சதவீதம். அந்தக் கணக்கில் 15,000 ரூபாய் சாமானுக்கு 600 ரூபாய். பில்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறான். ட்வீட்டர் ஒயரைப் பார்த்தாயா என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.