பல்லாவரம் டு பாரிமுனை: ஒரு விதை விசாரணை

மொட்டை மாடியில் ஒரு நீல டிரம். அதில் இருநூறு லிட்டர் தண்ணீர். தண்ணீரில் ஆறு தங்க மீன்கள். டிரம்முக்கு மேலே ஸ்டாண்ட் போட்டு, ஒரு தொட்டி நிறையக் கருங்கல் ஜல்லி. சின்ன மோட்டார் ஒன்று மீன் தண்ணீரை மேலே ஏற்றும். அது ஜல்லி வழியாக வடிந்து மறுபடி டிரம்முக்கே வந்துவிடும். மண் இல்லை, உரம் இல்லை, செடி மட்டும் வளருமாம். 'அக்வாபோனிக்ஸ்' என்று பெயர்.

விஞ்ஞானம் எனக்கு வராது. பி.காம். பாஷையில் சொல்கிறேன். மீன் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கே விஷம். ஜல்லியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. நைட்ரேட் செடிக்குச் சாப்பாடு. ஆக, மீன் கணக்கில் பற்று, செடி கணக்கில் வரவு! டேலி ஆகாவிட்டால் மீன் மிதக்கும். அந்த ஆறு மீன்களுக்கும் என் மகள் தன் யு.கே.ஜி. சிநேகிதிகளின் பெயரை வைத்திருக்கிறாள். ஒன்று மிதந்தாலும் எனக்கு வீட்டில் சோறு கிடையாது.

அதனால் முதலில் இரண்டே மீனை விட்டு, ஐந்து வாரம் பொறுமையாக இருந்து, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே மற்ற நாலையும் விட்டேன். பாக்கி ஒன்றே ஒன்றுதான். விதை.

நாங்கள் குரோம்பேட்டைவாசிகள். அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைக்காத பொருள் கிடையாது. புறா, பழைய மிக்ஸி, ஒற்றைக் கால் நாற்காலி, ரோஜாச் செடி, யாரோ பரிசாக வாங்கிய கேடயம்... எல்லாம் தெருவிலேயே கொட்டிக் கிடக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் நண்பன் ஒருவன் காஷுவல் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தான். 'துணைக்கு வர்றேன்டா' என்றவன், உள்ளே நுழைந்த பத்தாவது நிமிஷம் வேலை செய்யாத டயல் போன் ஒன்றைப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டான்.

சாக்கு விரித்து ஒருவர் விதை வைத்திருந்தார். பாக்கெட் மேலே பூசணி சைஸில் தக்காளி படம். தேதி இல்லை, கம்பெனி பெயர் இல்லை.

"முளைக்குமாங்க?"

"முளைக்காட்டி அடுத்த வெள்ளிக்கிழமை வா சார், இங்கதான் இருப்பேன்."

இதைவிட என்ன கியாரண்டி வேண்டும்? தக்காளி ஒரு பாக்கெட். பக்கத்தில் உதிரியாக வெண்டை விதை. பஞ்சு மிட்டாய் மாதிரி நல்ல பிங்க் கலர். "கலரே சூப்பரா இருக்குடா, ஹைபிரிட்டா இருக்கும்" என்றான் நண்பன். ஒரு கை வாங்கிக்கொண்டேன்.

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கீரை விதை மட்டும் கிடைக்கவில்லை. போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நண்பனும், விதையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நானும் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினோம். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக்குள் பழைய விதைக் கடை. கல்லாவில் மூக்குக் கண்ணாடிப் பெரியவர். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க போடப் போறீங்க தம்பி?"

"மீன் தொட்டி மேல."

விஷயத்தை விளக்கினேன். பெருமையாகப் பிங்க் வெண்டையையும் எடுத்துக் காட்டினேன். பெரியவர் அதைக் கையால் தொடவில்லை. பேப்பரைக் காட்டி, "அதுல கொட்டுங்க. அப்படியே பின்னால குழாய்ல சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க" என்றார்.

விதை இயற்கையிலேயே பிங்க் கிடையாதாம். மண்ணில் போட்டால் பூஞ்சாணம் பிடித்து அழுகாமல் இருக்க, திரம், கேப்டான் மாதிரி மருந்து தடவுவார்கள். தடவியது தெரிவதற்காகத்தான் கலர். மண்ணுக்கு அது சரி. மீனுக்கு அந்த மருந்துகள் கடும் விஷம். நம் தொட்டியில்தான் செடித் தண்ணீர் நேரே மீனிடம் போகிறதே! யு.கே.ஜி. வகுப்பு மொத்தமும் என் சட்டைப் பாக்கெட்டில் இருந்த ஆபத்தை நினைத்தபோது, மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது.

"முறையான பாக்கெட்ல எல்லாம் எழுதியிருக்கும் தம்பி. படிக்கத்தான் ஆள் இல்ல."

படித்தேன். பேலன்ஸ் ஷீட்டைக் கூட நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. ரகம், லாட் நம்பர், டெஸ்ட் செய்த தேதி, எதுவரை செல்லும் (டெஸ்ட் தேதியிலிருந்து ஒன்பது மாதம்), முளைப்புச் சதவீதம். தக்காளிக்குக் குறைந்தது 70, மிளகாய்க்கு 60. மருந்து தடவியிருந்தால் அதன் பெயரும் இருக்க வேண்டும். இந்தியாவில் 1966-லேயே விதைச் சட்டம் வந்தாயிற்று. சந்தைச் சாக்குக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை!

ரகத்தின் பெயரில் ஊரே ஒளிந்திருக்கிறது. 'கோ' என்றால் கோயமுத்தூர். 'பி.கே.எம்.' என்றால் பெரியகுளம். 'அர்க்கா' என்று ஆரம்பித்தால் பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துச் சரக்கு. வேரோடு பிடுங்காமல், வெட்ட வெட்டத் துளிர்க்கும் 'அர்க்கா சுகுணா' கீரை வேண்டும் என்று கேட்டேன். மருந்து தடவாதது இருந்தது.

"கால் கிலோ வாங்கிடுடா, சீப்பா இருக்கு" என்றான் நண்பன். கீரை விதை ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேலே இருக்கும். கால் கிலோவுக்குக் குரோம்பேட்டையையே குத்தகை எடுக்க வேண்டும். பத்து கிராம் போதும் என்றேன். அதுவே அதிகம்.

தக்காளி? மூன்று மாதம் போகட்டும் என்று விட்டேன். காய்க்கும் செடிக்குப் பொட்டாஷும் இரும்பும் நிறைய வேண்டும். மீன் தீனியில் அவ்வளவு வராது. கீரைக்கு நைட்ரேட் கிடைத்தாலே பெரும்பாடு தீர்ந்தது. முள்ளங்கி, கேரட் பேச்சே வேண்டாம். ஜல்லிக்குள் போய் ஜிலேபி மாதிரி சுற்றிக்கொள்ளும்.

பிங்க் வெண்டையைப் பெரியவர் மடித்துத் தந்து, "மண் தொட்டியில போடுங்க, நல்லாவே வரும்" என்றார். வந்தது. சந்தைத் தக்காளியில் பத்து விதையை ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டு முளைத்தது. இருபது சதவீதம். பரீட்சையில் நானே இதைவிட நன்றாக எடுத்திருக்கிறேன்.

கீரை விதையை நேரே ஜல்லியில் தூவினால் இடுக்கில் விழுந்து காணாமல் போய்விடும். ஒரு டிரேயில் தேங்காய் நார்க் கழிவு போட்டு, நாற்று விட்டுப் பிடுங்கி நட்டேன். நான் பல்லாவரம், பாரிமுனை என்று அலைந்த கதையைக் கேட்ட மனைவி, ஒன்றும் சொல்லாமல் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வெந்தயம் ஒரு பிடி எடுத்தாள். டப்பாவிலிருந்து தனியாவைக் கொட்டி, செருப்பால் ஒரு தேய் தேய்த்து இரண்டாக உடைத்தாள். "சமையலுக்கு வாங்கினது. இதுல யாரும் பிங்க் கலர் பூச மாட்டாங்க." வெந்தயம் மூன்றாம் நாளே தலை நீட்டிவிட்டது!

நாலாவது வாரம் முதல் அறுவடை. சாப்பாட்டு மேஜையில் கீரை மசியல், பக்கத்தில் சுட்ட அப்பளம். மகள் ஒரு வாய் எடுத்தவள் நிறுத்தினாள்.

"அப்பா... இது மீன் எல்லாம் கக்கா போற தண்ணிலதானே வளர்ந்துச்சு?"

விளக்க ஆரம்பித்தேன். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்...

மனைவி மெதுவாகக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஊறுகாயை எடுத்துக்கொண்டாள். கிண்ணம் மொத்தமும் என் பக்கம் நகர்ந்து வந்தது.