ராத்தா கேட்ட மஸ்அலா

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு ஓர் இலக்கண நுட்பத்தை எடுத்துக்காட்டுவது எமது வழக்கம். தன்னையன்றி எவரையும் வணங்கலாகாது என்னும் கட்டளையைப் பன்மையில் தொடங்கும் இறைவன், பெற்றோரின் முதுமையைப் பேச வருமிடத்தில் 'இந்தக', அதாவது 'உன்னிடத்தில்' என்று ஒருமைக்கு மாறுகிறான். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே வினவப்படுவான் என்று இதனை விளக்குவோம். முப்பதாண்டுகளாக இவ்வாறு விளக்கி வந்த எம் குடும்பத்தில், அந்த ஒருமை ஒரே ஒருவரைக் குறிப்பதாக ஆகிவிட்டிருந்தது. அவர் எம் ராத்தா.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின்னும் பெண்மக்கள் தாய்வீட்டோடு இருப்பது வழமை. எம் ஊரும் அத்தகையதே. ஆகவே உம்மாவைப் பார்த்துக்கொள்வது ராத்தாவின் பொறுப்பென்பது, எவரும் கூடிப் பேசாமலே முடிவாகிவிட்டது. காக்கா துபாயிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பினார். யாம் வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து சென்று, உம்மாவின் கையைப் பற்றி ஸலாம் சொல்லி, துஆச் செய்து, ராத்தா தந்த தேநீரை அருந்தித் திரும்பினோம். கடமை நிறைவேறிற்று என்ற மனநிறைவுக்கும் குறைவில்லை.

உம்மாவுக்கு வயது 84. மறதிநோய் பற்றி மூன்றாண்டுகள் ஆகின்றன. பகலில் அமைதியாக இருப்பவர்கள், மக்ரிபு வேளை நெருங்கியதும் கலங்கத் தொடங்குவார்கள். தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, "என்னை எங்க வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்பார்கள். வபாத்தாகி இருபதாண்டுகளான வாப்பா சபுரிலிருந்து வந்துவிட்டார்களா என்று வாசலுக்கு நடப்பார்கள். தொழுத தொழுகையை மீண்டும் தொழ நிற்பார்கள்; ரக்அத் மறந்து பாதியில் அழுவார்கள். அறிவு கலங்கியவர்மீது தொழுகை கடமையன்று என்பது சட்டம். அதை உம்மாவிடம் யார் சொல்வது?

சென்ற ரமலானுக்கு முந்திய ஒரு வெள்ளியன்று ராத்தா எம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். "தம்பி, பெத்த உம்மாவைப் பார்த்து ஒருத்தி 'சீ'ன்னு சொல்லிட்டா, அதுக்குத் தவ்பா என்ன?"

யாம் உஸ்தாதாகவே விடை பகர்ந்தோம். பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல், அடியாரின் உரிமை சம்பந்தப்பட்டிருப்பின் அவரிடம் மன்னிப்புக் கோருதல் என்று நிபந்தனைகளை ஒழுங்காகச் சொன்னோம். ராத்தா தலையசைத்துக் கேட்டுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த 'ஒருத்தி' யாரென்று யாம் கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் எம் மனைவி, "மதினி எப்படி இருக்காங்க?" என்றார். யாம் உம்மாவின் நிலையைச் சொல்லத் தொடங்கினோம். "மாமியைக் கேட்கலே, மதினியைக் கேட்டேன்" என்றார். எம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை.

அவ்வாரம் பாடத்தில் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களைப் பற்றிய புகாரியின் ஹதீஸ் வந்தது. அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற ஸல்மான், வீட்டுப் பெண்மணி தம்மைப் பேணாத உடையில் இருக்கக் கண்டு காரணம் வினவுகிறார்கள். இரவெல்லாம் வணக்கத்தில் கழிக்கும் நண்பருக்கு, உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டென எடுத்துரைக்கிறார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை உண்மையென ஏற்கிறார்கள். யாம் எந்நாளும் அந்த முடிவையே வலியுறுத்தி வந்தோம். அன்று எம்மை நிறுத்தியது அதன் தொடக்கம். ஸல்மான் உடையைப் பார்த்தார்கள், பார்த்ததும் கேட்டார்கள்.

அடுத்த வெள்ளியில் யாம் ராத்தாவைப் பார்த்தோம். கைவளையல் முழங்கைவரை ஏறிற்று. அவருடைய இரத்தக் கொதிப்பு மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியும் வாங்கவில்லை. உம்மாவின் மாத்திரைகளோ வேளைவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. உறவில் நடந்த மூன்று நிக்காஹ்களில் ஒன்றுக்கும் அவர் போகவில்லை. தூக்கி உட்கார வைத்து இடுப்பு பிடித்திருந்தது. இரவில் தம் முந்தானை நுனியை உம்மாவின் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தரையில் படுக்கிறார், உம்மா எழுந்தால் தாம் விழித்துக்கொள்ள, என்று பேத்தி சொன்னாள்.

"அந்த ஒருத்தி நீங்கதானே ராத்தா?" என்றோம்.

"கையும் ஓங்கிட்டேன் தம்பி" என்று அழுதார்.

'உஃப்' என்று சொல்ல நேராத தொலைவில் நின்றவர்கள் யாமும் காக்காவும். எம் நாவு தூய்மையாக இருந்ததற்கு எம் இறையச்சம் காரணமன்று.

உம்மாவுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் ராத்தாவை அழைத்துச் சென்றோம். அமெரிக்க உளவியலார் ஸ்டீவன் ஸாரிட்டும் துணைவரும் 1980இல் வகுத்து, இப்போது பெரும்பாலும் 22 வினாக்களாக வழங்கும் ஒரு நிரலை அவர் வாசித்தார். அனைத்தும் பார்த்துக்கொள்பவரைப் பற்றிய வினாக்கள். உங்களுக்கென்று நேரமே இல்லையெனத் தோன்றுகிறதா? அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா? உங்கள் உடல்நலம் கெட்டுள்ளதா? "கோபம் வருமான்னு டாக்டரே கேட்குறாங்களே!" என்று ராத்தா வியந்தார். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் அவருக்கு இரவுத் தூக்கம் வேண்டும் என்றார் மருத்துவர். முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண்ணையும், 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

காக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பணம் கூட்டி அனுப்பட்டுமா?" என்றார். அனுப்பச் சொன்னோம், பகலுக்கு ஒரு பெண்ணை அமர்த்தியாயிற்று. விடுமுறையில் வரும் நாற்பது நாளும் இரவுக் காவல் அவருடையது என்பதையும் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை, பிறகு சரியென்றார்.

வாரத்தில் இரண்டு இரவுகள் எமக்கு. முதல் இரவில் தோள்துண்டின் நுனியை உம்மாவின் மணிக்கட்டில் கட்டிப் படுத்தோம். ஏழுமுறை எழுப்பினார்கள். ஏழாம் முறை, "பேசாமப் படுங்க உம்மா!" என்று எம் குரல் உயர்ந்துவிட்டது, உம்மா சிறுபிள்ளைபோல் போர்வைக்குள் ஒடுங்கினார்கள். சுபுஹுவரை எமக்கு உறக்கமில்லை.

விடிந்தபின், நன்றாகத் தூங்கிய முகத்தோடு ராத்தா வந்தார். எம் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, மஸ்அலா ஏதும் கேட்கணுமா?" என்றார்.