இறக்கினது இறக்கியாச்சு

லாரிக்கு கிளட்ச் பிளேட் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டும் வேலை மட்டும் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் பிளேட்டைக் கண்ணால் பார்ப்பதற்கே புரொபெல்லர் ஷாஃப்டை அவிழ்க்க வேண்டும். கியர் ராடு, ஏர் டியூப், ஒயர் என்று வழியில் இருப்பதையெல்லாம் விலக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்து, செயின் பிளாக்கில் தொங்கவிட்டுத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. இறக்கிவிட்டால் எஞ்சினின் பின்பக்கம் முழுசாகத் தெரியும். இன்னொரு தடவை அதைப் பார்க்க நினைத்தால் மறுபடி முழுக்கூலி. "இறக்கினது இறக்கியாச்சு, அதையும் பாத்துப்போடலாமுங்க" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. நாமக்கல் பட்டறைகளில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். வண்டி ஓனர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பதும் இதுதான்.

சமையல் கேஸ் டேங்கர், முட்டை வண்டி, பக்கத்துத் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் என்று இந்த வட்டாரமே சக்கரத்தின் மேல் பிழைக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு ஊர் பெயர் பெற்றது. அந்தப் பளபளப்பைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நான் போனது பரமத்தி சாலைப் பக்கம், பெயின்ட் வாடை இல்லாத, தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன ஒரு மெக்கானிக் பட்டறைக்கு. மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். லேலண்ட் காமெட் வண்டியில் கிளீனராக ஏறி, ரோட்டோரத்தில் நின்றுபோன வண்டிகளுக்கு அடியில் படுத்தே வேலை கற்றவர். கூட மூன்று பையன்கள்.

அன்று வந்தது 2006-ல் பதிவான டாடா பத்துச் சக்கர வண்டி. 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் எஞ்சின்; கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய பம்ப். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் இரைய, வண்டி நகர மறுத்திருக்கிறது. கூடவே கருகிய வாடை. எப்படியோ உருட்டிப் போய்ச் சரக்கைச் சேர்த்துவிட்டு, காலி வண்டியாகத் திரும்பி வந்திருந்தார் டிரைவர். ஓனருக்கு இதோடு சேர்த்து இரண்டே வண்டிகள். "கிளட்ச் மட்டும் போட்டுக் குடுங்கண்ணா" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். அந்த 'மட்டும்' சற்று அழுத்தமாகவே விழுந்தது.

மேஸ்திரி கிளட்ச் பக்கம் போகவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே ஓட்டையின் மேல் தலைகீழாகச் சும்மா வைத்தார். மூடி லேசாகத் துள்ளியது, ஆனால் விழவில்லை. பிறகு பிரீதர் குழாயின் வாயில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து கீழே இறங்கி ஆயில் இருக்கும் அறைக்குள் அழுத்தம் கூட்டும். மூடியைத் தூக்கி எறிந்துவிடும். அந்த அழுத்தம் வெளியே போக வழி தேடும்போது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையை அடைக்கும் சீலைத் தாண்டி ஆயிலையும் தள்ளிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு எத்தனை புதுச் சீல் போட்டாலும் ஒழுகத்தான் செய்யும். "ஃப்ளைவீலக் கழட்டின பொறவு எஞ்சின ஓட்டிப் பாக்க முடியாதுங்க. கேக்கறதையெல்லாம் இப்பவே கேட்டுக்கோணும்" என்றார். எதையெல்லாம் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் பாதியை ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குப் போகப்போகத்தான் விளங்கியது.

கியர் பாக்ஸ் மதியத்துக்கு முன் இறங்கியது. பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் பிளேட் கையோடு வந்தது. லைனிங் தேய்ந்து ரிவிட் தலை தொட்டிருந்தது. அதைவிட முக்கியம், அதன் மேல் கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளத்த எண்ணெய்ப் படலம். மேஸ்திரி விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனார். கியர் பாக்ஸ் ஆயில் என்றால் கந்தக வாடை அடிக்கும், கெட்டியாகவும் இருக்கும். இது எஞ்சின் ஆயில். அப்போதும் சீல் போய்விட்டது என்று சொல்லவில்லை. டார்ச்சை வாங்கி, டேப்பட் பக்கக் கவரிலிருந்து பிளாக்கின் முதுகு வழியாகக் கீழே வரைக்கும் பார்த்தார். மேலே ஒழுகும் ஆயில் பின்பக்கமாக வழிந்து ஃப்ளைவீல் ஹவுசிங்குக்கு அடியில் சொட்டும். பழியைச் சீல் சுமக்கும். இந்த வண்டியில் மேலே காய்ந்துதான் இருந்தது. ஆக, சீலேதான்.

இதற்குள் ஒரு பையன் கம்ப்ரஸர் குழாயை எடுத்து ஹவுசிங்குக்குள் காற்றடிக்க, கிளட்ச் தூள் எல்லோர் முகத்திலும் படிந்தது. ஒருவரும் முகத்தை மூடவில்லை. கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தே வந்த காலம் முழுக்க இந்தத் தூளைச் சுவாசித்தவர் மேஸ்திரி. ஈரத்துணியால் துடைத்தால் போதுமே என்றேன். "துடைக்கலாமுங்க, நேரமாகுமே" என்றார். ஆயில் வாடையை மோந்து பிரித்தறியும் மூக்குக்கு இந்த அக்கறை ஏன் வரவில்லை என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஃப்ளைவீலின் எட்டு போல்ட்டுகளையும் எடுத்து அதை இறக்கினார்கள். சீலின் முகத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் போட்டு, திருகாணி ஏற்றி, கட்டிங் பிளேயரால் இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து எடுத்தார் மேஸ்திரி. டிரில் முனை கிராங்க் மேல் பட்டால் கதை கந்தல். அந்த வேலையைப் பையன்களிடம் கொடுக்கவே இல்லை. சீல் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தார். நகம் சிக்கியது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஒரே இடத்தில் உரசி, சீலின் உதடு இரும்பில் ஒரு மெல்லிய வரியைக் கீறியிருக்கிறது. அதன் மேல் புதுச் சீலை மட்டும் ஏற்றினால் அந்த வரி வழியாகவே ஆயில் கசியும். தேய்ந்த இடத்தின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்றை ஏற்றி, அதற்கேற்ப உள்வட்டம் பெரிதான சீல் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தே செட்டாகக் கிடைக்கிறது. வெறும் சீலைவிட விலை கூடுதல். ஓனர் கொஞ்ச நேரம் போனை நோண்டினார். பிறகு, "போடுங்கண்ணா" என்றார்.

செட் வந்தது. நானும் அங்கே குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெரிய பையன் சீலைப் பிரித்ததும், பழக்கத்தில் விரலை ஆயிலில் தோய்த்து அதன் உதட்டில் தடவப் போனான். மேஸ்திரி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "இதுக்கு ஆயில் ஆகாது கண்ணு." சாதாரண ரப்பர் சீலுக்கு எண்ணெய் தொட்டுத்தான் மாட்டுவார்கள். இந்த எஞ்சினின் பின்சீலுக்கு உதடு டெஃப்லான். உதடும் சரி, அது உட்காரும் இரும்பும் சரி, பிசுக்கு இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் உலர்ந்த நிலையில் ஒட்டிப் பழகினால்தான் அடைப்பு பிடிக்கும். ரப்பர் பூசிய வெளிவட்டத்துக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். பையனைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். கிராங்க் முனையைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, செட்டோடு வந்த பிளாஸ்டிக் வழிகாட்டியை முனையில் பொருத்தி, அதன் மேல் சீலை நழுவவிட்டார். பிறகு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, சாயாமல் உள்ளே இறக்கினார். அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசவில்லை, ரேடியோ மட்டும் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

ஃப்ளைவீல் லேத் பட்டறைக்குப் போயிற்று. முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள், மயிரிழை வெடிப்புகள். லேத்காரர் மேலாக ஒரு சீவு சீவியதும் வெடிப்புகள் மறைந்தன. ஆழமாகப் போயிருந்தால் ஃப்ளைவீலையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். அங்கே நான் கற்றுக்கொண்ட சங்கதி ஒன்று உண்டு. செல்ஃப் மோட்டார் கடிக்கும் ரிங் கியரில் பல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, மூன்றே இடங்களில் தேய்ந்திருந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் அழுத்தம்தான் அதை நிறுத்துகிறது; ஒரு சுற்றில் அது மூன்று நிலைகளில்தான் நடக்கும். அதனால் செல்ஃப் எப்போதும் அந்த மூன்று இடங்களையே கடிக்கிறது. புது ரிங் வாங்காமல், இருப்பதையே சூடு காட்டிக் கழற்றி, தேயாத பற்கள் அந்த மூன்று இடத்துக்கு வரும்படி திருப்பி மாட்டிவிட்டார் லேத்காரர். இரும்பு சிவக்க விடக்கூடாது, பல்லின் உறுதி போய்விடும். பழைய வண்டியின் ஆயுள் இந்த மாதிரி திருப்பல்களில்தான் நீள்கிறது.

திரும்பி வந்தபோது மேஸ்திரி ரிலீஸ் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். கரகரத்தது. பிரஷர் பிளேட்டின் விரல்களில் பேரிங் படும் இடம் பள்ளமாகியிருந்தது. பெடலை அவ்வப்போது மிதிப்பதால் வரும் தேய்மானம் இல்லை அது. கால் எந்நேரமும் பெடலில் இருந்தால் பேரிங் ஓயாமல் அழுந்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் கிராங்கையும் முன்பக்கமாகத் தள்ளி, அதைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்னும். அவர் கம்பியால் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜில் ஆட்டத்தைப் படித்தார். அளவுக்குள்தான் இருந்தது. அது கூடியிருந்தால் சம்ப்பை இறக்கி, கீழிருந்து எஞ்சினுக்குள் கை வைக்க வேண்டியிருந்திருக்கும்.

"ஏப்பா, காலை கிளட்ச்சுலயே வெச்சுட்டு ஓட்டுவியா?" என்று டிரைவரைக் கேட்டார். கேட்ட தொனியில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஓனர் திரும்பிப் பார்த்தார். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். பதில் சொல்லாமல் கேபினில் ஏறி, "நீங்களே உக்காந்து பாருங்கண்ணா" என்றார். மேஸ்திரி ஏறி உட்கார்ந்தார், பிறகு என்னையும் உட்காரச் சொன்னார். சீட்டின் ஸ்பிரிங் செத்து, வலது பக்கமாகச் சாய்ந்து, முன்விளிம்பு கீழே இறங்கியிருந்தது. உட்கார்ந்தால் உடம்பு ஸ்டியரிங் பக்கமாக வழுக்குகிறது. எதையாவது உதைத்துக்கொண்டுதான் நிமிர முடிகிறது. இடது காலுக்கு அகப்படுவது கிளட்ச் பெடல் ஒன்றுதான். இந்த நிலையில் பெங்களூர் நெரிசலைக் கடந்து மகாராஷ்டிரம் வரை போய் வருகிறார் அந்த மனிதர்.

மேஸ்திரி தன் துண்டுச்சீட்டில் 'கிளட்ச் செட், சீல் செட், பைலட் பேரிங், லேத் கூலி' என்று எழுதியிருந்ததற்குக் கீழே 'டிரைவர் சீட்' என்று எழுதினார். ஓனர் சிரித்தார். "எஞ்சின் வேலைல சீட்டு எங்கண்ணா வந்துச்சு?" மேஸ்திரி சிரிக்கவில்லை. "நீங்க இதை விட்டீங்கன்னா அடுத்த வருஷமே கிளட்ச்சுக்கு வருவீங்க. எனக்குக் கூலி, வாங்கிக்கறேன்." ஓனர் அதைப் பேனாவால் அடிக்கப் போய், அடிக்காமல் விட்டார்.

பட்டறை மூலையில் ஒரு எஞ்சின் சாக்குப்பையால் மூடிக் கிடந்தது. வேறொரு பட்டறையில் கிளட்ச் வேலைக்குப் போன வண்டியாம். சீல், சம்ப், ஹெட் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியில் லைனர் வரை போய், காசு தீர்ந்து ஓனர் கைவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. "வெறும் பிளேட்டை மாத்திக் குடு" என்று பிடிவாதம் பிடித்து, புதுப் பிளேட்டும் ஆயிலில் ஊறித் திரும்பி வந்த வண்டிகளைப் பற்றிப் பையன்களே சொல்கிறார்கள். இரண்டு வகை நஷ்டத்துக்கும் நடுவில் கோடு கிழிக்கத்தான் மேஸ்திரிக்குக் காசு என்று எனக்குப் படுகிறது. கியர் பாக்ஸை இறக்கவும் ஏற்றவும் தெரிந்த கைகள் அந்தச் சாலை முழுக்க இருக்கின்றன.

இந்தக் கோடு இனி எத்தனை வருடம் தேவைப்படும் என்பது வேறு கேள்வி. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் புது வண்டிகளெல்லாம் பி.எஸ்.6. சென்சாரும் யூரியாக் கரைசலும் கொண்ட அந்த எஞ்சின்களுக்கு லேப்டாப் வேண்டும். 2021-ல் வந்த பழைய வண்டிக் கழிப்புக் கொள்கை இன்னொரு பக்கம் நெருக்குகிறது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வேறு. ஆனாலும் கடன் தீர்ந்த பழைய வண்டிதான் சின்ன ஓனருக்கு மிச்சம் காட்டுகிறது. தவணை இல்லாத வண்டியை யார் விடுவார்கள்?

மாலையில் மாட்டினார்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்கு மட்டும் டார்க் ஸ்பானர் வெளியே வந்தது: 137 நியூட்டன் மீட்டர். மற்றதெல்லாம் கைக்கணக்கு. ஏதோ ஒரு செத்த கியர் பாக்ஸிலிருந்து அறுத்து வைத்திருந்த டாப் ஷாஃப்ட் துண்டைப் பிளேட்டுக்குள் செருகி நடுமட்டம் பார்த்தார்கள். பிளேட் மயிரளவு விலகியிருந்தாலும் கியர் பாக்ஸ் உள்ளே போகாது. செயின் பிளாக்கில் தொங்கிய பெட்டியை ஒருவன் பின்னாலிருந்து அசைக்க, இன்னொருவன் ஷாஃப்டைத் திருப்ப, மூன்றாவது தடவை 'டொக்' என்று போய் உட்கார்ந்தது. அதற்கு முன் மேஸ்திரி கியர் பாக்ஸின் முன் பேரிங்கை ஆட்டிப் பார்த்து, "லேசா ஆட்டமிருக்குது, சத்தமில்லை, ஓடட்டும்" என்று விட்டிருந்தார்.

போல்ட் எல்லாம் முறுக்கி, ஏர் ஏற்றி, பெடலின் ஆட்டம் சரிபார்த்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினார்கள். பகலெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் பேரம் பேசிய ஓனர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபடி கேட்டார்: "ஏனுங்கண்ணா, இறக்கினதோட அந்த கியர் பாக்ஸ் பேரிங்கையும் போட்டிருக்கலாமோ?"

மேஸ்திரி கையில் சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்துக்கொண்டே, "மொதல்ல சீட்டுக்காரன் கடையில வண்டிய விடுங்க, ஏழு மணிக்குச் சாத்திப்போடுவான்" என்றார்.