கவருக்குள்ளே இருக்கிற வண்டி

ஓகஸ்ட் 9, 2025, சனி. மன்னார்.

அக்காவின் மகனுக்கு யமஹா ஆர்15 என்றால் உயிர். புதிது எடுக்க வசதியில்லை, பழையதுதான் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு இந்தப் பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இருந்த வண்டிகளையே மினுக்கி மினுக்கிக் கைமாற்றினார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் நின்றவையும் அவற்றுக்குள் இருக்கும். நெடுநாள் நின்ற வண்டியில் டாங்கிக்குள் துரு, இன்ஜெக்டரில் கசடு. "குறைய ஓடினது" என்ற பேச்சில் மயங்காதே என்று மருமகனுக்குச் சொல்லிவைத்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு. பேசாலை.

பூசை முடிந்தபிறகு போனோம். பளபளவென்று நீல வண்டி, மீற்றரில் 17,000. முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். சூடு! நாங்கள் வருமுன்பே ஸ்ரார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறின எஞ்சினை முதன்முதல் ஸ்ரார்ட் செய்யும்போதுதான் அதன் குணம் தெரியும். நீலப்புகை வந்தால் ஓயில் எரிகிறது. சூடேறியும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது.

கால்மிதி றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. முன் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை ஓட்டினால் நகம் தடக்கியது. பின் ரயரின் பக்கச்சுவரில் 1124 என்ற இலக்கம். 2024ஆம் ஆண்டின் 11ஆவது கிழமையில் செய்த ரயர் அது. புது ரயர் குற்றமில்லை. ஆனால் டிஸ்க்கும் கால்மிதியும் இவ்வளவு தேய 17,000 கிலோமீற்றர் காணாது. மீற்றரைத் திருப்பியிருக்கிறார்கள் என்றே பட்டது.

"பக்கக் கவரை ஒருக்காக் கழற்றிப் பார்ப்பம், தம்பி."

"வேண்டாமண்ணை, கிளிப் உடைஞ்சுபோகும்."

"உடைஞ்சா அதுக்கு நான் காசு தாறன்."

அரைமனதோடு கழற்றினான். வயர் இணைப்புகளில் பச்சைப் பூப்பு. போல்ட் தலைகள் துருவேறிப் பொருக்கு விட்டிருந்தன. றேடியேற்றர் தகடுகளுக்கிடையே வெள்ளைப் பொடி. சோளகக் காற்று உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வந்து கவருக்குள் கொட்டுகிறது. மேலே கழுவுவதால் அது போகாது. கூலன்ட் போத்தலில் இருந்ததோ செம்மண் நிறத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். எங்கள் மன்னார்த் தீவில் எத்தனையோ கிணறுகள் உவர். அந்தத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், உள்ளே படிவு கட்டும். காற்றால் ஆறுகிற எஞ்சினுக்கு இந்த வில்லங்கம் இல்லை; ஆர்15 கூலன்ட்டால் ஆறுகிற எஞ்சின்.

ஓகஸ்ட் 12, செவ்வாய். முருங்கன்.

மடு ஆவணித் திருவிழாவுக்குப் போகிற சனத்தால் ஏ14 வீதி நிறைந்திருந்தது. இங்கே பார்த்த வண்டியின் மீற்றரில் 43,000. மருமகனின் முகம் சுருங்கியது. ஆனால் எஞ்சின் ஆறிக் கிடந்தது, ஒரே உதறலில் பற்றியது, புகை இல்லை. கவரைக் கழற்றச் சொல்லுமுன்பே உரிமையாளர் ஸ்குறூ டிறைவரை நீட்டினார். வயல் ஊர் என்பதால் உப்புக் கடி இல்லை. றேடியேற்றர் விசிறி சுற்றும்வரை ஓடவிட்டோம். சூடு ஏறி, விசிறி சுற்றி, பிறகு இறங்கியது.

குறையும் இருந்தது. பின் பல்லுச்சக்கரத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லின் பாதி தெரிந்தது. செயின் செற் மாற்றவேண்டும். முன் போர்க்கில் ஓயில் கசிவு, ஆனால் குழாயில் குழி விழவில்லை; சீல் மட்டும் போட்டால் போதும். விழுந்த வண்டியா என்று ஹான்டில் முனை, லீவர், ஹான்டில் திரும்பி முட்டுகிற இடம் எல்லாம் பார்த்தேன். நெளிவு இல்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்.

முருங்கன் வண்டியையும் அதன் பதிவுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். லீசிங் கொம்பனியின் பெயர் புத்தகத்தில் இல்லை. விற்பவரே பதிவுக்காரர். செயினுக்கும் சீலுக்கும் ஆகிற செலவைக் கழித்து விலை பேசி முடித்தாயிற்று.

கரையோரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கணக்குக் காட்டுகிற 43,000, கணக்கு இடிக்கிற 17,000ஐவிட நம்பிக்கையானது. கவரைக் கழற்ற விடாதவரிடம் வண்டி வாங்காதீர்கள்.