மரைன் தெருவில் ஒரு மாலை

புளோரிடாவின் கிழக்குக் கரையில் இருக்கிறது செயின்ட் அகஸ்டின். 1565-இல் ஸ்பெயின்காரர்கள் அமைத்த ஊர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநிலத்தில் ஐரோப்பியர் குடியேறி இன்றுவரை விடாமல் ஆள் வாழும் ஊர்களில் இதுதான் மூத்தது. இங்கே ஸ்பெயின்காரர்கள் கட்டிய கோட்டையின் சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பொடிப்பொடிச் சிப்பிகள் காலங்காலமாக இறுகிப் பாளமான கொக்கினாக் கல். 1702-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுச் சுட்டபோது இந்தச் சுவர் பிளக்கவில்லை. குண்டுகளை உள்வாங்கிக்கொண்டு நின்றது.

கோட்டைக்குத் தெற்கே, விரிகுடாவை ஒட்டி மரைன் தெரு. வசதியானவர்களின் பழைய வீடுகள். 1974 ஜனவரி 23 மாலை, அங்கே தன் வீட்டு வாசற்படியிலேயே அத்தாலியா பான்செல் லின்ட்ஸ்லி வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 56. நியூயார்க்கில் மாடலாகவும் நடனக் கலைஞராகவும் இருந்தவர். ஊரின் முன்னாள் மேயரை மணந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

மனதில் பட்டதைக் கேட்டுவிடும் பெண் அவர். உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் போய், கவுண்டி (மாவட்ட) மேலாளருக்கு அந்தப் பதவிக்கான தகுதி உண்டா என்று எழுந்து நின்று கேட்டார். அந்த மேலாளரோ அடுத்த வீட்டுக்காரர். அத்தாலியா வளர்த்த நாய்கள் குரைப்பதிலும் இருவருக்கும் தகராறு. கொலைக்காகக் கைதானவரும் அவர்தான். 1975-இல் ஜூரி அவரை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை மதித்துத்தான் இதைப் பேச வேண்டும். ஆனால் அதற்குப் பின் வேறு எவர் மீதும் வழக்கே இல்லை என்பதை எப்படி ஏற்பது?

அத்தாலியா கொல்லப்பட்ட 1974-இலேயே, நவம்பரில், அந்த வட்டாரத்திலேயே வசித்த ஃபிரான்சிஸ் பெமிஸ் இரவு நடைக்குப் போனார். அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். அதுவும் துலங்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஊரார் பேசாத பேச்சில்லை, நிரூபணம்தான் கிடைக்கவில்லை.

இன்று இருட்டியதும் பேய்க்கதை கேட்கும் கூட்டங்கள் இந்த ஊரின் சந்துகளில் நடக்கின்றன. அத்தாலியாவை அந்த வரிசையில் நிறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் அதிகாரியை ஊரறியக் கேள்வி கேட்ட குடிமகள் அவர். அங்கே போகிறவர்கள் எலிசபெத் ராண்டால் இந்தக் கொலையைப் பற்றி 2016-இல் வெளியிட்ட நூலை முதலில் படித்துவிட்டுப் போகலாம்.