காஷ்மீரி கேட்டில் மூன்று சக்கரங்கள்

குத்தகைக் காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் சிராய்ப்பை மறைக்கப் போன இடத்தில் தெரிந்துகொண்டது

காலை பத்தரை மணி. காஷ்மீரி கேட் சந்தையில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. எதிரே ஒரு கைவண்டி. அதில் அட்டைப் பெட்டிகளில் பிரேக் ஷூக்கள். அதன் பின்னால் ஒரு சைக்கிள் ரிக்ஷா; பயணி உட்காரும் இடத்தில் நான்கு சைலன்ஸர்கள். இவற்றுக்கு நடுவே, முன்னால் போவதா பின்னால் எடுப்பதா என்று தெரியாமல் ஒரு வெள்ளைக் காரில் நான். காரின் மூன்று சக்கரங்களில் சிராய்ப்பு. இன்னும் பன்னிரண்டு நாட்களில் அந்தக் காரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

கார் எங்களுடையது அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் அலுவலகம் ஒரு குத்தகை நிறுவனத்திடமிருந்து எடுத்துக் கொடுத்தது. மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். கெடு முடிந்ததும் மிச்ச மதிப்பைக் கட்டி நாமே வைத்துக்கொள்ளலாம், அல்லது திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். இயல்பான தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதம் எதுவானாலும் செலவு நம்முடையது என்றிருந்தது.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. 'இயல்பான தேய்மானம்' என்ற சொற்களை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எதுவரை இயல்பு, எங்கிருந்து சேதம் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. பிரிட்டனில் குத்தகைக் கார் நிறுவனங்களின் சங்கம் இதற்கு ஒரு வழிகாட்டியே வைத்திருக்கிறது. சக்கர விளிம்பில் சிராய்ப்புகள் மொத்தமாக 50 மி.மீ. வரை இருந்தால் தேய்மானம்; மிஞ்சினால் சேதம். எங்கள் ஒப்பந்தத்தில் அளவு எதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "பரிசோதகர் பார்த்துச் சொல்வார், மேடம்" என்றார்கள். புதுச் சக்கரத்தின் விலை மட்டும் தயாராக இருந்தது: ஒன்றுக்கு ரூ. 9,500. மூன்றுக்கு ரூ. 28,500.

சிராய்ப்புகள் மூன்றும் என் கைங்கரியம். முதலாவது ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் அருகே நேர்ந்தது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கிடைத்த ஓரடி இடத்தில் காரை ஒதுக்கும்போது நடைபாதையின் ஓரக்கல் முன்பக்க இடது சக்கரத்தை வழித்துவிட்டது. ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். இடது ஓரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தில்லி நடைபாதைகளோ பல இடங்களில் திண்ணை உயரம். இரண்டாவது அதே வகையில் பின்பக்க இடது சக்கரத்துக்கு. மூன்றாவதை ஒரு வணிக வளாகத்தின் தரையடி நிறுத்துமிடத் தூண் வலப்பக்கத்துக்குத் தந்தது. இதைத் தவிர, பின்பக்க இடது டயரில் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை காற்றுக் குறையும். வால்வு சரியில்லை போலும் என்று பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

பழைய இரும்புச் சக்கரமாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியை மாற்றினால் முடிந்தது. அலாய் வீலுக்குச் சக்கரமே அலங்காரம். அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து வார்த்தது. அதன் மேல் வண்ணம். வண்ணத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. கல்லில் உரசினால் இரண்டும் போய் உலோகம் வெளியே வந்துவிடும். அப்படியே விட்டால் ஈரம் பூச்சுக்கு அடியில் இறங்கி வெள்ளையாகப் பூக்கும். என் முதல் சிராய்ப்பு அந்தக் கட்டத்தை எட்டியிருந்தது.

சக்கரக் கடையின் உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். வேலை செய்யும் இளைஞர்களுக்கும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் அவர் 'உஸ்தாத்'. நானும் 'உஸ்தாத்ஜி' என்றேன். அவர் என்னை 'பஹன்ஜி' என்றார். குந்தி உட்கார்ந்து, கட்டை விரலால் ஒவ்வொரு சிராய்ப்பையும் தடவினார். "இது நடைபாதைக் கல். இதுவும் கல். இது தூண்" என்றார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"மேலாக ஸ்ப்ரே அடித்தால் ஒரு சக்கரத்துக்கு 400. ஒரு மழைக்குத் தாங்கும். முறைப்படி செய்தால் 1,800" என்றார். முறைப்படி என்றால் டயரைக் கழற்றி, பழைய பூச்சை உரித்து, சிராய்ப்பின் கூர்களைத் தேய்த்துச் சமமாக்கி, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாள் போட்டு, பிரைமர், வெள்ளி வண்ணம், கடைசியில் கிளியர் கோட். பிறகு டயரை மாட்டி பேலன்சிங் பார்க்க வேண்டும். "உங்களுடையது சாதாரண வெள்ளிப் பூச்சு, பிழைத்தீர்கள்" என்றார். முகம் பளபளவென்று கடைந்த 'டயமண்ட் கட்' சக்கரமாக இருந்தால் லேத்தில் ஏற்றி மறுபடி கடைய வேண்டும். ஒவ்வொரு கடைசலுக்கும் உலோகம் கொஞ்சம் போய்விடும் என்பதால் அதை அடிக்கடி செய்ய முடியாது.

முறைப்படியே செய்யச் சொன்னேன். மாலை வரை முதல் கட்ட வேலை நடக்கும், சக்கரங்களை மறுநாள்தான் மாட்ட முடியும் என்றார். காரை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே நடந்தேன்.

காஷ்மீரி கேட்டுக்குப் பெயர் தந்த வாசலை இங்கே பஸ் பிடிக்கவும் மெட்ரோ மாறவும் வருகிற பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஷாஜகானாபாதின் வடக்கு மதிலில் காஷ்மீரை நோக்கிய வாசல், இரண்டு வளைவுகள். 1857 செப்டம்பர் 14 அன்று பிரிட்டிஷ் படையினர் இதன் கதவை வெடி வைத்துத் தகர்த்து நகருக்குள் நுழைந்தார்கள். பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்கள் சுவரில் இன்றும் குழிகளாகத் தெரிகின்றன. கொஞ்ச தூரத்தில் மஞ்சள் நிறச் சுவர்களோடு செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம், ஜேம்ஸ் ஸ்கின்னர் கட்டி 1836இல் திறக்கப்பட்டது. கன்னாட் பிளேஸ் எழும்புவதற்கு முன், வெள்ளைக்காரர்கள் துணிமணி வாங்க வந்த நாகரிகக் கடைத்தெரு இதுதான். இன்று அதே தெருக்களில் கிளட்ச் தகடும் ரேடியேட்டரும் விற்கிறார்கள். 1976இல் பேருந்து நிலையம் வந்தது. 2002இல் மெட்ரோ வந்தது. கடைகள் நகரவில்லை.

குண்டுக் குழிகளுக்கு முன்னால் சற்று நேரம் நின்றேன். தொல்லியல் துறை அவற்றைப் பூசி அடைக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறது. கால் மீட்டர் சிராய்ப்பைப் பூசி மறைக்க ரூ. 5,400 பேசிவிட்டு வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பிய போது உஸ்தாத் சிரிக்கும் நிலையில் இல்லை. பின்பக்க இடது சக்கரத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். "காற்றுக் குறைகிறது என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். டயரைக் கழற்றுவதற்கு முன் வழக்கம் போல் தண்ணீர்த் தொட்டியில் முக்கியிருக்கிறார். வால்வில் குமிழ் இல்லை. உள்பக்க விளிம்பில் வந்தது. விளக்கைக் கிட்டத்தில் பிடித்துக் காட்டினார். தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, விரல் நீளம்.

"குழியில் விழுந்தீர்களா?"

விழுந்தேன். போன மழைக்காலத்தில், தண்ணீர் நின்ற ஒரு சாலையில். 'டமார்' என்ற சத்தம் நினைவிருந்தது. இறங்கிப் பார்த்தேன், வெளியே எதுவும் தெரியவில்லை.

"இரும்பு வளையும். இது விரியும்" என்றார் உஸ்தாத்.

அடுத்து நான் கேட்ட கேள்வியை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. "பரிசோதகர் உள்பக்கம் பார்ப்பாரா?" என்று கேட்டேன்.

"வெளியே நின்று போட்டோ எடுப்பார். உள்பக்கம் யார் பார்க்கிறார்கள்?" என்றார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார். ஆர்கான் வெல்டிங் வைத்துத் தேய்த்து வண்ணம் அடித்தால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்தச் சக்கரம் வார்த்த பிறகு சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் பதம் போய்விடும். ஒட்டின இடம் நிற்கும்; அதற்கு அடுத்த இடம் நிற்குமா என்று சொல்ல முடியாது. "வெளி விளிம்பில் சின்ன உடைசல் என்றால் நானே வைப்பேன். இதில் வைக்க மாட்டேன். நாலு கடை தள்ளி வைத்துத் தருவார்கள்."

நாலு கடை தள்ளிப் போனேன். ரூ. 1,200, ஒரு மணி நேர வேலை என்றார்கள். மோரி கேட் பக்கம் பழைய சக்கரமே வாங்கிவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். அதுவும் எந்தக் குழியில் விழுந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்?

கணவருக்குப் போன் செய்தேன். "திருப்பிக் கொடுக்கப்போகிற காருக்குப் புதுச் சக்கரமா?" என்றார். நியாயமான கேள்வி. நாங்கள் கொடுத்த பிறகு அந்தக் கார் ஏலத்துக்குப் போகும். யாரோ ஒரு குடும்பம் முதல் கார் என்று வாங்கும். பளபளப்பான நான்கு சக்கரங்களைப் பார்த்து நல்ல வண்டி என்று நம்பும். "பின் சீட்டில் இடது பக்கம் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டேன். எங்கள் மகள் அங்கேதான் உட்காருவாள். பத்து மாதமாக அந்த விரிசலுக்கு மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். நான் காற்றடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாங்கிவிடு" என்றார்.

கம்பெனி முகவரிடமிருந்து புதுச் சக்கரம் வர மூன்று நாள் ஆனது. வந்த அன்று உஸ்தாத் மற்ற இரண்டையும் முடித்து வைத்திருந்தார். மொத்தச் செலவு, பேலன்சிங் தவிர்த்து, ரூ. 13,100. பில்களை வாங்கிக்கொண்டேன்.

"பழையதை என்ன செய்ய?" என்றார்.

"கபாடிக்குப் போடுங்கள்" என்றேன். அலுமினியம் என்பதால் எடைக்கு நல்ல விலை கிடைக்கும்.

"முழுசாகப் போட்டால் வெள்ளிப் பூச்சோடு இதே தெருவுக்குத் திரும்பி வரும், பஹன்ஜி" என்றார். கட்டிங் மெஷினை எடுத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, சக்கரத்தின் விளிம்பை இரண்டு இடங்களில் அறுத்தார். சந்து முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. பிறகு துண்டுகளைக் கபாடி மூட்டையில் எறிந்தார். அதற்குக் கூலி கேட்கவில்லை.

குறித்த நாளில் பரிசோதகர் வந்தார். இருபத்தைந்து வயது இளைஞர். கையில் போன். காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் வெளியிலிருந்து படம் எடுத்தார். குனியவில்லை. "வீல் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது" என்றார். ஒன்று புதிது, ஏன் மாற்றினோம் என்று சொல்லி பில்லைக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இதை எழுதப் படிவத்தில் இடம் இல்லையே, ஆன்ட்டி" என்றார். பின் பம்பரில் நான் அதுவரை கவனித்திராத ஒரு கீறலுக்கு ரூ. 2,000 போட்டார். இயல்பான தேய்மானம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பில்லின் நகலைக் கார் ஆவணங்களோடு வைத்துக் கொடுத்தேன். அடுத்து வாங்குபவர் ஒருவேளை பார்க்கலாம்.

இளைஞர் காரை எடுத்துக்கொண்டு போனார். தெரு முனையில் திரும்பும்போது மூன்று சக்கரங்களையும் நினைத்துப் பார்த்தேன். உஸ்தாத் பூசியவை எவை, புதியது எது என்று வெளியிலிருந்து பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை.